புழு மருந்துக்குக் கேட்காத கழிச்சல்

கார்த்திகை மாதம். நான்கு நாள் அடைமழை விட்டு அன்றுதான் வெயில் லேசாக எட்டிப் பார்த்தது. பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார். "தம்பி, குட்டிக எல்லாம் தண்ணியாக் கழியுது. புழு மருந்து ரெண்டு தரம் ஊத்திட்டேன், நிக்க மாட்டேங்குது. ஒரு எட்டு வந்து பாரு."

ஏழு குட்டிகள். எல்லாம் கன்னி ஆட்டு இனம். கறுப்பு உடம்பு, கொம்படியிலிருந்து மூக்கு வரை முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடு. வயது ஐந்து வாரத்திலிருந்து எட்டு வாரத்துக்குள். நான்கு குட்டிகளுக்கு வாலடி முதல் பின்னங்கால் முட்டி வரை கழிச்சல் அப்பிக் காய்ந்திருந்தது. ஒன்று முதுகைக் கூனிக்கொண்டு முக்கியபடியே நின்றது. ரொம்ப நேர முக்கலுக்குப் பிறகு வந்தது ஒரு கரண்டி பச்சைத் தண்ணீர், கொஞ்சம் சளி, அதில் நூல் போல ரத்தம். ராத்திரி குட்டிகளை அடைக்கும் மூங்கில் கூடையைத் தூக்கிப் பார்த்தேன். கரிசல் மண் மழையில் ஊறி, புழுக்கையும் மூத்திரமும் கலந்து, மிதித்தால் செருப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. மழை என்பதால் ஒரு வாரமாகக் கூடையை இடம் மாற்றவில்லை என்றார்.

அவர் ஊற்றியது அல்பெண்டசோல். நல்ல மருந்துதான், ஆனால் அது புழுவுக்கு. இந்தக் குட்டிகளின் குடலைத் தின்றுகொண்டிருந்தது புழுவே இல்லை.

பெயர்க் குழப்பம்

இந்த நோய்க்குக் காக்சிடியோசிஸ் என்று பெயர். கால்நடை மருந்தகங்களில் ரத்தக் கழிச்சல் என்று சொல்வார்கள். அந்தப் பெயர் பாதி சரி, பாதி ஏமாற்று. கோழிக்கு வந்தால் பெரும்பாலும் எச்சத்தில் ரத்தத்தைப் பார்க்கலாம். ஆட்டுக்குட்டிக்கு அப்படி இல்லை. நிறையக் குட்டிகளுக்கு ரத்தமே தெரியாமல், வெறும் பழுப்பு நிறக் கழிச்சலாகப் போகும். "ரத்தம் வரலையே, அப்ப அது இது இல்ல" என்று விட்டுவிட்டுக் குட்டியை இழந்தவர்கள் உண்டு.

நோயை உண்டாக்குவது ஐமேரியா என்ற ஒற்றைச் செல் உயிரி. புழு என்றால் பல செல்களால் ஆனது. தசை, நரம்பு எல்லாம் இருக்கும். புழு மருந்துகள் அந்த உடம்பைக் குறிவைத்துச் செய்யப்பட்டவை. ஐமேரியா மாதிரி ஒற்றைச் செல் உயிரியிடம் அவை வேலை செய்யாது. அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல், ஐவர்மெக்டின் எதை ஊற்றினாலும் ஐமேரியா அசைந்து கொடுக்காது. மனிதர்களில் மலேரியாவை உண்டாக்கும் கிருமிக்கு ஐமேரியா தூரத்துச் சொந்தம். குடற்புழு மாத்திரை போட்டு யாரும் மலேரியாவைக் குணப்படுத்தப் பார்ப்பதில்லை அல்லவா, அதே கதைதான்.

ஆள் பழையவர். நுண்ணோக்கியில் பேர் வாங்கிய டச்சுக்காரர் லேவன்ஹூக் 1674-லேயே முயலின் பித்தநீரில் ஐமேரியாவின் முட்டைகளைப் பார்த்துவிட்டார். அது என்ன என்று அவருக்குத் தெரியாது. ஐமேரியா என்ற பெயர் தியோடர் ஐமர் என்ற ஜெர்மானிய விலங்கியலாளரின் நினைவாக வந்தது. வெள்ளாட்டுக்கென்றே பத்துக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. அவற்றில் பல, குடலில் இருந்தாலும் பெரிய தொந்தரவு தருவதில்லை. குட்டியைச் சாய்க்கும் முக்கியமான இரண்டு வகைகள் ஆர்லோயிங்கி, நினாகோல்யாகிமோவே. இரண்டாவது பெயரை நானே நாலு தரம் எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

தரையில் ஒரு கணக்கு, குடலில் ஒரு கணக்கு

இரண்டு கணக்குகளை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். எப்போது வரும், யாருக்கு வரும், மருந்து ஏன் சில சமயம் பலிக்கவில்லை, கொட்டகையை ஏன் கூட்ட வேண்டும் என்பதெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும்.

முதலாவது தரைக் கணக்கு. குட்டியின் புழுக்கையோடு ஐமேரியாவின் முட்டை கீழே விழுகிறது. ஊசிஸ்ட் என்பது அதன் அறிவியல் பெயர். நாம் முட்டை என்றே சொல்வோம். கண்ணுக்குத் தெரியாது. ஒரு மில்லிமீட்டர் தூரத்தில் ஏறக்குறைய நாற்பது முட்டைகளை வரிசையாக அடுக்கலாம். விழுந்த அந்த நிமிடத்தில் இந்த முட்டையை ஒரு குட்டி நக்கினால்கூட நோய் வராது. முட்டை முதலில் பழுக்க வேண்டும். பழுக்க மூன்று விஷயம் தேவை: ஈரம், மிதமான சூடு, காற்று. 30 டிகிரியை ஒட்டிய வெப்பம் அதற்கு ரொம்பப் பிடித்தமானது. நம் ஊர் மழைக்கால வெப்பம் அதுதான். எல்லாம் கூடி வந்தால் இரண்டு மூன்று நாளில் பழுத்துவிடும். குளிர்ச்சியாக இருந்தால் ஒரு வாரம், அதற்கு மேலும் ஆகும். நல்ல வெயிலில், காய்ந்த தரையில் கிடந்தால் பழுக்காமலே சாகும்.

பழுத்த பிறகு நிலைமை வேறு. அதன் ஓடு அவ்வளவு கெட்டி. நிழலும் ஈரமும் இருந்தால் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பினாயில் ஊற்றினாலும் சாகாது, பிளீச்சிங் பவுடர் போட்டாலும் சாகாது. கொட்டகை முழுக்கப் பினாயில் வாசம் அடிக்க, "சுத்தமா வச்சிருக்கேன், எப்படி வந்துச்சு?" என்று கேட்பவர்களிடம் என்ன சொல்வது? வாசம்தான் சுத்தமாக இருக்கிறது. இந்த முட்டையைக் கொல்வது கொதிக்கும் தண்ணீர், நெருப்பு, நேர் வெயில், வறட்சி. அமோனியாவும் கொல்லும், ஆனால் அதை மூக்குள்ள யாரும் கொட்டகையில் கையாள முடியாது.

இரண்டாவது குடல் கணக்கு. பழுத்த முட்டையைக் குட்டி விழுங்குகிறது. மண்ணை நக்கும்போது, தீவனத் தொட்டிக்குள் காலை வைத்துவிட்டு அதையே தின்னும்போது, அழுக்கு மடியைச் சப்பும்போது என்று வழிகள் பல. குடலுக்குள் முட்டை உடைந்து எட்டு சிறு உயிரிகள் வெளியே வருகின்றன. ஒவ்வொன்றும் குடல் சுவரின் ஒரு செல்லுக்குள் புகுந்துகொண்டு பெருகத் தொடங்குகிறது. ஆர்லோயிங்கி போன்ற வகைகளில் அப்படிப் புகுந்த ஒன்றிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேல் புதிய உயிரிகள் பிறக்கும். செல் வெடித்து அவை எல்லாம் வெளியே வந்து, பக்கத்துச் செல்களில் புகும். மறுபடி பெருக்கம், மறுபடி வெடிப்பு. கடைசியில் ஆண், பெண் எனப் பிரிந்து, சேர்ந்து, முட்டையாகி, புழுக்கையோடு வெளியேறும். விழுங்கியது முதல் புது முட்டை வெளிவருவது வரை ஏறத்தாழ இரண்டிலிருந்து மூன்று வாரம்.

குடலின் உள்பக்கம் துவாலைத் துண்டு மாதிரி. சின்னச் சின்ன இழைகள் நெருக்கமாக நிற்கும். தின்ற சத்தை அவைதான் உறிஞ்சுகின்றன. செல்கள் வெடிக்க வெடிக்க அந்த இழைகள் மொட்டையாகின்றன. பழைய துண்டு நடுவில் தேய்ந்து நூல் தெரிவதில்லையா, அந்த மாதிரி. உறிஞ்ச ஆளில்லாத தண்ணீர் அப்படியே வெளியே ஓடுகிறது. நாம் பார்க்கும் கழிச்சல் அதுதான். ஆக, கழிச்சலைப் பார்க்கும் நாளில் நோய்க்கு வயது கிட்டத்தட்ட இரண்டு வாரம். புதிதாக ஒன்று ஆரம்பித்துவிட்டது என்று நாம் பதறும்போது, அது தன் வேலையை ஏறக்குறைய முடித்திருக்கிறது.

யாருக்கு, எப்போது

குடல் கணக்கை வைத்தே ஒரு குட்டிக்கு வந்திருப்பது இதுவா இல்லையா என்று பாதி ஊகித்துவிடலாம். பிறந்து ஐந்தாம் நாள் குட்டி கழிகிறதா? இது காக்சிடியோசிஸாக இருக்க முடியாது. நாளே பத்தாது. பால் அதிகமாகக் குடித்திருக்கலாம், ஈ.கோலை போன்ற பாக்டீரியாவாக இருக்கலாம். மூன்று வாரம் தாண்டினால் இந்த நோய்க்குக் கதவு திறக்கிறது. ஒன்றிலிருந்து நான்கு மாதம் வரை உச்சம். அதிலும் தாயிடமிருந்து பால் மறக்கடிக்கும் சமயம், சந்தையிலிருந்து வண்டியில் அடைத்து வந்த வாரம், தீவனத்தைத் திடீரென்று மாற்றிய நாட்கள், விடாமல் பெய்த மழைக்குப் பிந்திய பத்து இருபது நாள், இந்த நேரங்களில் கண்ணை வைத்துக்கொள்ள வேண்டும்.

பெரிய ஆடுகளுக்கும் குடலில் ஐமேரியா இருக்கும். இல்லாத ஆட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் சின்ன வயதில் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப் பழகி, எதிர்ப்பு சக்தி வந்திருக்கும். நோய் தெரியாது, முட்டை மட்டும் புழுக்கையில் போய்க்கொண்டே இருக்கும். குட்டி போடும் சமயத்தில் அது கூடும். ஆகவே குட்டிக்கு முதல் முட்டை பெரும்பாலும் தாயிடமிருந்துதான் வருகிறது. இதை முற்றிலும் தடுக்க முடியாது, தடுக்கவும் தேவையில்லை. கொஞ்சம் பட்டால்தான் குட்டிக்கும் எதிர்ப்பு சக்தி வரும். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் விழுங்குவதுதான் ஆபத்து.

ஒரு சந்தேகம் எல்லோரும் கேட்பது: கோழியிலிருந்து ஆட்டுக்கு வருமா? வராது. கோழியின் ஐமேரியா வேறு, ஆட்டின் ஐமேரியா வேறு. கோழியுடையது ஆட்டுக் குடலில் பெருகாது. செம்மறி ஆட்டினுடையதும் வெள்ளாட்டினுடையதும்கூடப் பெரும்பாலும் தனித்தனி. மனிதருக்கும் இது ஒட்டாது. ஆனால் கழிகிற குட்டியைத் தூக்கினால் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். குட்டிக் கழிச்சலில் வேறு கிருமிகளும் இருக்கலாம், அவற்றில் சில நமக்கும் வரும். இன்னொன்று, கோழித் தீவனத்தைக் குட்டி தின்னாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நோய் வரும் என்பதற்காக அல்ல. அந்தத் தீவனத்தில் மாவுச்சத்து அதிகம், வயிறு உப்பும். சில தீவனங்களில் கோழிக்கென்று சேர்த்த மருந்து அளவு மீறினால் ஆட்டுக்கு நஞ்சு.

கழிச்சல் எல்லாம் ஒன்றல்ல

அண்ணாச்சி வீட்டுக் குட்டிகளைப் பார்த்தவுடன் எனக்கு இதுதான் தோன்றியது. ஆனாலும் நான் மருத்துவர் இல்லை. வயது, மழை, ஈரக் கூடை, புழு மருந்துக்குக் கேட்காதது எல்லாம் ஒரே பக்கம் கை காட்டின, அவ்வளவுதான். உறுதி செய்ய சாணத்தைப் பரிசோதிக்க வேண்டும். கால்நடை மருந்தகத்தில் நுண்ணோக்கி இருந்தால் அங்கேயே பார்ப்பார்கள், இல்லாவிட்டால் நோய் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்புவார்கள். மாதிரி எடுப்பதில் ஒரு விஷயம் கவனம். தரையில் கிடப்பதைக் கூட்டி அள்ளிக்கொண்டு போகக் கூடாது. குட்டி சாணம் போட்டவுடன், அல்லது ஆசனவாயிலிருந்தே கையுறை போட்ட விரலால் எடுத்து, சின்ன டப்பாவில் மூடி அன்றே கொண்டு சேர்க்க வேண்டும். எந்தக் குட்டியுடையது, என்ன வயது என்று டப்பாவின் மேல் எழுதுங்கள்.

முட்டை இருக்கிறது என்று முடிவு வந்தால் மட்டும் நோய் என்று அர்த்தமில்லை. துள்ளிக் குதிக்கும் குட்டியின் சாணத்திலும் முட்டை இருக்கும். எவ்வளவு, எந்த வகை, குட்டி எப்படி இருக்கிறது என்று சேர்த்துப் பார்த்துத்தான் மருத்துவர் சொல்வார். இதற்கு நேர்மாறாக, முட்டை வெளிவரும் முன்பே குட்டி செத்துப்போவதும் உண்டு. அப்போது சாணத்தில் ஒன்றும் தெரியாது, குடலை அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். சிறுகுடலின் சுவரில் குண்டூசித் தலை அளவில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஒரு குட்டி செத்துவிட்டால் உடனே புதைத்துவிடாமல் மருத்துவரிடம் காட்டச் சொல்வது இதற்காகத்தான். மிச்சம் இருக்கும் குட்டிகளுக்கு அந்த ஒரு பிணப் பரிசோதனை பெரிய உதவி.

மற்றக் கழிச்சல்களையும் மனதில் வைக்க வேண்டும். புழுக்கையோடு சோற்றுப் பருக்கை போல வெள்ளையாக விழுந்தால் நாடாப்புழு. கண் இமையைப் புரட்டினால் வெளுப்பு, தாடைக்குக் கீழ் நீர் கோத்த வீக்கம், ஆனால் கழிச்சல் பெரிதாக இல்லை என்றால் ரத்தம் உறிஞ்சும் உருண்டைப்புழு. அங்கே புழு மருந்துதான் சரி. கடும் காய்ச்சல், மூக்கிலும் கண்ணிலும் ஒழுகல், வாயில் புண், கூடவே கழிச்சல், பெரிய ஆடுகளுக்கும் வருகிறது என்றால் அது ஆட்டுக்கொல்லி நோயாக இருக்கலாம். ஒரு நாளும் தள்ளாமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டிய விஷயம் அது. நன்றாகத் தின்றுகொண்டிருந்த கொழுத்த குட்டி இரவோடு இரவாகச் செத்துக் கிடந்தால் துள்ளுமாரி. ஆட்டுக்கொல்லிக்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி உண்டு. நாம் பேசிக்கொண்டிருக்கும் காக்சிடியோசிஸுக்கு ஆட்டுக்குத் தடுப்பூசி கிடையாது.

மருந்துக்கு முன்னால் தண்ணீர்

கழிகிற குட்டி பெரும்பாலும் சாவது நீர் வற்றித்தான். ஆகவே முதல் வேலை உடம்புக்குள் தண்ணீரை ஏற்றுவது. கழுத்துத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விடுங்கள். டக்கென்று பழைய நிலைக்குப் போனால் பரவாயில்லை. மடிப்பு மெதுவாகத் தணிந்தால், கண்ணும் குழி விழுந்திருந்தால், நீர் நிறைய வற்றிவிட்டது. விரலை வாய்க்குள் வைத்துப் பாருங்கள். வாய் சூடாக இருந்து விரலைச் சப்பினால் வாய் வழியே கொடுக்கலாம். வாய் ஜில்லென்று இருந்து, சப்பாமல் தொங்கினால் வீட்டில் ஊற்றக் கூடாது. விழுங்கத் தெம்பில்லாத குட்டிக்கு ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். அதை உடனே மருத்துவரிடம் கொண்டுபோய், நரம்பில் ஏற்ற வேண்டும். போகும் வழியில் சாக்கில் சுற்றிச் சூடாக வைத்திருங்கள்.

மருந்துக் கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலமே போதும். கைவசம் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. தலை தட்டிய அளவு, கும்பலாக அல்ல. உப்பு கூடினால் நல்லதுக்குப் பதில் கெடுதல். ஆறு கிலோ குட்டிக்கு நடுத்தரமாக நீர் வற்றியிருந்தால் இழந்தது மட்டுமே அரை லிட்டர் இருக்கும். அதை ஒரே மூச்சில் ஊற்றாமல் வெதுவெதுப்பாக 50, 100 மில்லியாக நாள் முழுக்கக் கொடுங்கள். கழிகிற வரைக்கும் கூடுதலாகவும் வேண்டும். குட்டியை நிற்க வைத்து, தலையை லேசாக மட்டும் தூக்கி, கடைவாய் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அண்ணாந்து பிடித்து ஊற்றுவது புரையேறுவதற்கான வழி.

தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். "பால் குடிச்சாக் கூடும்" என்று குட்டியைப் பிரித்துக் கட்டிப் பட்டினி போடுவார்கள். மொட்டையான குடலுக்கு அந்தப் பால்தான் கொஞ்ச நஞ்சத் தெம்பு. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி ஊட்டலாம். மாதுளம் தோல், கொய்யாத் தளிர் இதெல்லாம் துவர்ப்பு. கழிச்சலைக் கொஞ்சம் கட்டும். கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் செல்லுக்குள் ஒளிந்திருக்கும் ஐமேரியாவை அது பிடிக்கும் என்று நம்பிக்கொண்டு மூன்று நாளை வீணாக்கக் கூடாது.

சரி, மருந்துக்கு வருவோம்.

அதிகம் புழங்குவது ஆம்ப்ரோலியம். அது வேலை செய்யும் விதம் கொஞ்சம் வேடிக்கையானது. பி1 வைட்டமினைப் போலவே வேஷம் போட்டிருக்கும். ஐமேரியா அதை வைட்டமின் என்று நினைத்து உள்ளே எடுத்துக்கொண்டு, உண்மையான பி1 கிடைக்காமல் பட்டினியில் போய்ச் சேரும். இதிலிருந்தே இரண்டு எச்சரிக்கைகள் வருகின்றன. ஒன்று, இந்த மருந்து கொடுக்கும் நாட்களில் "தெம்புக்கு" என்று பி காம்ப்ளக்ஸ் டானிக்கைச் சேர்த்து ஊற்றினால் மருந்தின் வேலையை நாமே கெடுத்துவிடுவோம். நம் பக்கம் எந்த மருந்தோடும் ஒரு டானிக் பாட்டிலையும் சேர்த்துத் தருவது வழக்கமாகிவிட்டதால் இதைச் சொல்கிறேன். இன்னொன்று, அளவை மீறியோ ஐந்து நாளைத் தாண்டி இஷ்டத்துக்கோ கொடுத்தால் குட்டிக்கே பி1 பற்றாக்குறை வந்து மூளை பாதிக்கும். தலையை வானத்தைப் பார்த்து வளைக்கும், சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும், கண் தெரியாது. அப்படி ஏதாவது கண்டால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவர் பி1 ஊசி போடுவார்.

வழக்கமான அளவு உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம், ஐந்து நாள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் கோழிக்கென்று விற்கும் 20 சதவீதத் தூள். ஆறு கிலோ குட்டிக்கு 300 மில்லிகிராம் மருந்து வேண்டும், அதாவது தூளில் ஒன்றரை கிராம். பொட்டலத்தின் மேல் கோழிக்கு எழுதியிருப்பதைப் பார்த்துக் குடிதண்ணீரில் கலந்து வைத்துவிட்டால் வேலைக்காகாது. பால் குடிக்கும் குட்டி தண்ணீரை எவ்வளவு குடிக்கும்? நோயாளிக் குட்டி அதையும் குடிக்காது. ஒவ்வொரு குட்டிக்கும் தனித்தனியாக வாயில் ஊற்ற வேண்டும். எடையையும் கண்ணால் மதிப்பிடாதீர்கள். சாக்குப்பையில் குட்டியை இறக்கித் தொங்கு தராசில் மாட்டினால் அரை நிமிட வேலை. நான் ஏழு கிலோ என்று அடித்துச் சொன்ன குட்டி தராசில் நாலே முக்கால் நின்றது.

டோல்ட்ராசுரில் என்று இன்னொன்று. கிலோவுக்கு 20 மில்லிகிராம், பெரும்பாலும் ஒரே தடவை. குடலுக்குள் ஐமேரியா எந்தக் கட்டத்தில் இருந்தாலும் பிடிக்கும் என்பது இதன் பலம். 5 சதவீத மருந்தென்றால் ஆறு கிலோ குட்டிக்கு 2.4 மில்லி. கோழிக்கான 2.5 சதவீதக் கரைசல் தண்ணீரில் நிறையக் கலந்து கொடுப்பதற்காகச் செய்தது. அதை மருத்துவரைக் கேட்காமல் நேராகக் குட்டி வாயில் விடாதீர்கள். சல்ஃபா மருந்துகளும் பழைய காலம் தொட்டு இருக்கின்றன. அவற்றை நீர் வற்றிய குட்டிக்குக் கொடுத்தால் சிறுநீரகத்தில் உப்பாகப் படியும். அதனால் முதலில் தண்ணீர், அப்புறம் சல்ஃபா. எந்த மருந்து, எவ்வளவு என்பதை முடிவு செய்ய வேண்டியவர் கால்நடை மருத்துவர். இந்தக் கணக்கையெல்லாம் நான் சொல்வது, அவர் எழுதிக் கொடுப்பதைப் புரிந்துகொள்ளவும் கடைக்காரர் மாற்றித் தந்தால் கேள்வி கேட்கவும்தான். மருந்து கொடுத்த குட்டியை எத்தனை நாள் கழித்துக் கறிக்கு விற்கலாம் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்து கொடுத்த மறுநாளே கழிச்சல் நிற்காது. ஐமேரியா செத்தாலும் மொட்டையான துவாலை ஒரே ராத்திரியில் நூல் விடுமா? நான்கைந்து நாள் பொறுக்க வேண்டும். கேட்கவில்லை என்று மூன்றாம் நாளே மருந்தை மாற்றி மாற்றி ஊற்றுவது குட்டிக்குச் செய்யும் கொடுமை. பிழைத்த குட்டிகளிலும் சில பழைய வேகத்துக்கு வரவே வராது. தின்னும், ஆனால் தேறாது. வயிறு மட்டும் பெரிதாக, மயிர் சிலிர்த்து, கூடப் பிறந்ததில் பாதிதான் இருக்கும். கழிச்சலே இல்லாமல், லேசாகப் பட்ட குட்டிகளும் இப்படிப் பின்தங்குவதுண்டு. பண்ணைக்காரருக்குச் செத்த குட்டியின் நஷ்டம் கண்ணுக்குத் தெரியும். இந்த நஷ்டம் எடை போட்டு விற்கும் நாளில்தான் தெரியும்.

ஒரு குட்டி கழிந்தால் அதே கூட்டத்தில் இருக்கும் மற்றவையும் அதே தரையைத்தான் நக்கியிருக்கின்றன. அவற்றின் குடல் கணக்கு இரண்டு மூன்று நாள் பின்னால் ஓடிக்கொண்டிருக்கலாம். அதனால் கழியாத குட்டிகளுக்கும் சேர்த்து மருந்து கொடுக்கச் சொல்வார்கள். வருஷா வருஷம் ஒரே வயதில் வருகிறதென்றால், அதற்கு ஒரு வாரம் முன்பே கொடுக்கும் முறையும் இருக்கிறது. உங்கள் குட்டிகளுக்கு எந்த வயதில் கழிகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால்தான் மருத்துவரால் அந்த நாளைக் குறிக்க முடியும்.

தரையைப் பார்த்துக்கொள்வது

தரைக் கணக்குக்குத் திரும்புவோம். முட்டை பழுக்க இரண்டு நாளாவது வேண்டும். தினம் ஒரு முறை புழுக்கையைக் கூட்டி அள்ளினால், பழுப்பதற்கு முன்பே அதை வெளியேற்றிவிடுகிறோம். கூட்டுவது அழகுக்காக அல்ல. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மொத்தமாகக் கழுவி விடுவதைவிட, தினமும் பத்து நிமிடம் காய்ந்த விளக்குமாற்றால் கூட்டுவது எத்தனையோ மேல். இன்னும் சொன்னால், காய வைக்க முடியாத நாளில் தண்ணீர் விட்டுக் கழுவுவது முட்டைக்கு நாமே ஈரம் கொடுப்பது. சுண்ணாம்புத் தூள் தூவினால் தரை காயும், அதுதான் அதன் உபயோகம். அள்ளிய புழுக்கையைக் கொட்டகை ஓரத்தில் குவிக்காமல் தள்ளிக் குப்பைக் குழியில் போட்டு மூடினால், அது மக்கும் சூட்டிலேயே முட்டைகள் வெந்துவிடும்.

நம் முன்னோர் இந்த உயிரியைப் பார்த்ததில்லை. ஆனால் கிடை போட்டார்கள், அதாவது மந்தையை ராத்திரி வயலில் அடைத்தார்கள். இன்று இந்த வயலில், ஓரிரு நாளில் அடுத்த வயலில். வயலுக்கு எரு வேண்டும் என்பதற்காகத்தான் இடம் மாற்றினார்கள், ஆனால் முட்டை பழுக்கும் நேரத்தில் ஆடு அங்கே இல்லை. குட்டிகளை அடைக்கும் கூடையையும், சில ஊர்களில் குடாப்பு என்பார்களே, அதையும் கூடவே தூக்கிப்போவார்கள். இப்போது நாம் ஒரே இடத்தில் கொட்டகை கட்டி உட்கார்ந்துவிட்டோம். ஆடு நகராததால் புழுக்கையை நாம்தான் நகர்த்த வேண்டியிருக்கிறது.

பரண், அதாவது தரையிலிருந்து உயர்த்திக் கட்டும் பலகைத் தளம், அதற்கு ஒரு நல்ல வழி. பலகைகளுக்கு நடுவே ஒன்றரை சென்டிமீட்டர் அளவு இடைவெளி விட்டால் புழுக்கை கீழே விழுந்துவிடும், குட்டி அதைத் தொடாது. குட்டிகள் நிற்கும் பகுதியில் இடைவெளியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், கால் சிக்கும். பரண் கட்டக் காசில்லை என்றால் பாதகமில்லை. கிழக்கு மேற்காக நீளம், தண்ணீர் தேங்காத மேட்டு இடம், மழைச் சாரல் உள்ளே அடிக்காமல் ஓலைத் தட்டி. மண் தரை என்றால் மேல் மண்ணை அவ்வப்போது சுரண்டி எடுத்துவிட்டுப் புது மண் கொட்டலாம். குட்டி ஒன்றுக்கு நான்கைந்து சதுர அடியாவது வேண்டும். நெருக்கம் கூடக் கூட, அதே அடி மண்ணில் விழும் முட்டையும் கூடும்.

தீவனத் தொட்டிதான் நிறையப் பேர் கோட்டை விடும் இடம். குட்டி என்ன செய்யும் என்று ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். தொட்டிக்குள் ஏறும், அங்கேயே புழுக்கை போடும், பிறகு குனிந்து தின்னும். தலை மட்டும் நுழையும்படி தட்டி வைத்துத் தொட்டியை வெளிப்பக்கம் வைத்தால் இது தீரும். தழையைக் கீழே போடாமல் கட்டித் தொங்கவிடுங்கள். வெள்ளாடு எப்படியும் எக்கித் தின்னும் பிராணிதான். தண்ணீர்த் தொட்டியும் குட்டியின் வால் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும்.

பிறந்த அரை மணி, ஒரு மணிக்குள் சீம்பால். முதல் நாளுக்குள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது இரண்டு கிலோ குட்டிக்கு 200 மில்லி. அதற்கு முன்பு மடியைத் துடைத்துவிட வேண்டும். அப்புறம் வயது வாரியாகப் பிரிப்பது. மூன்று மாதக் குட்டி தெம்பாக ஓடும், ஆனால் முட்டையை அள்ளி இறைக்கும். அதன் பக்கத்தில் மூன்று வாரக் குட்டியை விட்டால் பெரியது இறைத்ததைச் சிறியது நக்கும். எட்டயபுரம் மாதிரி பெரிய சந்தைகளில் வாங்கி வரும் குட்டிகளை இரண்டு மூன்று வாரம் தனியே வைத்திருப்பதும் இதே குடல் கணக்கை வைத்துத்தான்.

அண்ணாச்சியின் ஏழில் இரண்டு போய்விட்டன. ஒன்று நாங்கள் மருந்தகத்துக்குக் கிளம்புமுன்பே. அதைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போனோம். மருத்துவர் குடலைக் கீறி விரித்துக் காட்டியபோது அண்ணாச்சி வெகு நேரம் குனிந்து பார்த்தார். வெள்ளைப் புள்ளிகள், ரவை சிந்தின மாதிரி. "இதுக்கா நான் புழு மருந்து ஊத்துனேன்" என்றார். மிச்ச ஐந்தும் பிழைத்தன. அதில் ஒரு கிடாய்க்குட்டி மட்டும் இன்னும் குள்ளமாகவே திரிகிறது.

இந்த ஐப்பசியில் அவர் தோட்டப் பக்கம் போனேன். வேப்ப மரத்துக்கும் கிணற்றுக்கும் நடுவே மண்ணில் வட்ட வட்டமாகக் கூடைத் தடம். ஒவ்வொரு நாளும் ஒரு வட்டம் தள்ளித் தள்ளி, பழைய வட்டங்கள் வெயிலில் வெடித்துக் காய்ந்து கிடந்தன. மழை நாளுக்கென்று திண்ணை ஓரம் நாலு பலகையை இடைவெளி விட்டு அறைந்து ஒரு சின்னப் பரணும் போட்டிருந்தார். குட்டிகள் அதன் மேலே ஏறி நின்றுகொண்டு என்னைப் பார்த்தன.